ஹோம்ல இருக்கிற பையனுக்கு ஆகஸ்ட்ல 18 முடியுது, அதுக்கப்புறம் எங்க போவான்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

காவேரிக்கரை டீச்சர் - ஜூன் 9

எல்லாருக்கும் வணக்கம். நான் திருச்சி பக்கம் மேத்ஸ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. நாலு வருஷமா சனி ஞாயிறு எங்க ஏரியால இருக்கிற ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய் கணக்கு சொல்லிக் குடுக்கிறேன். அங்க ஒரு பையன், எட்டாவது படிக்கும்போதுல இருந்து எங்கிட்ட படிக்கிறான், இந்த வருஷம் பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டான், மார்க்கும் நல்ல மார்க்தான், படிச்சது பூரா கவர்மென்ட் ஸ்கூல். வர்ற ஆகஸ்ட் 17ம் தேதி அவனுக்கு 18 முடியுது.

அம்மா இவனுக்கு ஏழு வயசு இருக்கும்போதே தவறிட்டாங்க. அப்பா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு கரூர் பக்கம் இருக்காரு, ஒன்பது வயசுல இங்க கொண்டுவந்து விட்டவரு இத்தனை வருஷத்துல மூணு தடவையோ நாலு தடவையோதான் வந்திருப்பாரு. இப்ப இல்லத்துல என்ன சொல்றாங்கன்னா, 18 ஆயிட்டா வெச்சிருக்க எங்களுக்கு அனுமதி கிடையாது டீச்சர், அப்பாதான் இருக்காரே அங்க அனுப்பிடறோம்னு. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, இன்ஸ்பெக்ஷன்ல வயசு தாண்டின பையன் இருந்தா அவங்களுக்குத்தான் பிரச்சனை.

பையன் ஒண்ணும் சொல்லல. போன ஞாயித்துக்கிழமை கணக்கு நோட்டை மூடி வெச்சிட்டு, டீச்சர் நான் போனதுக்கப்புறம் என் தட்டை யாருக்குக் குடுப்பாங்கன்னு கேட்டான். அங்க எல்லார் தட்டுலயும் ஆணியால நம்பர் கீறி வெச்சிருப்பாங்க, இவனோடது 34. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல, வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா தூக்கம் இல்ல.

நான் கேக்கிறது இதுதான். 18க்கு அப்புறம் அரசாங்கத்துல இந்தப் பசங்களுக்குன்னு ஏதாவது இருக்கா? ஃபாஸ்டர் கேர்னு சொல்றாங்களே, அந்த மாதிரி நான் இவனை எங்க வீட்டுல வெச்சிக்க முடியுமா? வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும்தான், எனக்கு 63, அவருக்கு 68. சொந்தக்காரங்க எல்லாம் வயசுப் பையனை வீட்டுக்குள்ள விடாதன்னு பயமுறுத்துறாங்க. காலேஜ் சேக்கணும்னா செலவு, ஹாஸ்டல் இதெல்லாம் எப்படி? என்னென்ன பேப்பர் வாங்கி வெக்கணும்? அனுபவம் உள்ளவங்க யாராவது இருந்தா தயவுசெய்து எழுதுங்க.


லேத்துப்பட்டறை - ஜூன் 9

டீச்சர் வணக்கம்ங்க. நானும் ஹோம்ல வளர்ந்தவன்தானுங்க, 2012ல வெளிய வந்தேன், இப்ப கோயமுத்தூர்ல சி.என்.சி. ஆபரேட்டரா இருக்கேன். சட்டம் எல்லாம் எனக்கு அவ்வளவா தெரியாது, அதை தெரிஞ்சவங்க சொல்லட்டும், நான் பட்டதை மட்டும் சொல்றேன்.

எனக்கு 18 ஆன அன்னைக்கு கையில குடுத்தது ஒரு தகரப்பெட்டி, ரெண்டு செட் துணி, 500 ரூவா, ஸ்கூல் டி.சி. அவ்வளவுதானுங்க. ஹோமை நடத்தின ஃபாதர் நல்லவருதான், குறிச்சி சிட்கோ பக்கம் தெரிஞ்ச ஒருத்தர் பட்டறைல சொல்லி வெச்சிருந்தாரு, மாடில தங்கிக்கலாம்னாங்க. முதல் நாள் ராத்திரி எனக்கு தூக்கமே வரல. ஏன்னா ஹோம்ல நாங்க ஒரு ஹால்ல இருபத்தஞ்சு பேரு வரிசையா பாய் போட்டு படுப்போம், பக்கத்துல மூச்சு சத்தம் கேக்கும், ஒருத்தன் இருமுவான் ஒருத்தன் தூக்கத்துல பேசுவான், பத்து வருஷம் அப்படியே பழகிருச்சு. தனியா ஒரு ரூம்ல படுத்தா காதுக்குள்ள அடைச்ச மாதிரி இருந்துச்சு, எந்திரிச்சு கீழ போய் மெஷின் பக்கத்துல வாட்ச்மேன் தாத்தா படுத்திருந்தாரு, அவரு பக்கத்துல சாக்கு விரிச்சு படுத்துட்டேன். ஒரு மாசம் அப்படித்தான் போச்சு.

அப்புறம் சமையல். ஹோம்ல நான் கிச்சன் டூட்டி எல்லாம் பாத்தவன்தான், எண்பது பேருக்கு சாம்பாருக்கு எத்தனை கிலோ பருப்புன்னு கேட்டா இப்பவும் சொல்வேன். ஆனா ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு எனக்குத் தெரியல டீச்சர். முத தடவை ரெண்டு டம்ளர் போட்டு பாத்திரம் பொங்கி வழிஞ்சு, மிச்சத்தை மறுநாள் வரைக்கும் தின்னேன். அப்புறம் அடுப்பே வேண்டாம்னு பரோட்டா கடைக்கு போக ஆரம்பிச்சு 4500 ரூவா சம்பளம் ஒன்பது நாள்ல காலி. அதுவரைக்கும் பத்து ரூவாய்க்கு மேல என் கையில காசு வந்ததே இல்ல, கரண்ட் பில்லுன்னு ஒண்ணு வரும், சோப்பு தீந்துபோகும், செருப்பு அறுந்துபோகும், இதுக்கெல்லாம் எடுத்து வெக்கணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல.

அதனால சொல்றேன், ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்கு, ஹோம்ல பர்மிஷன் கேட்டு ஞாயித்துக்கிழமை ஒரு நாள் உங்க வீட்டுக்கு கூட்டிட்டு போங்க. ஒரு ஆளுக்கு சோறு, ஒரு ரசம், ஒரு பொரியல், இதை அவன் கையாலயே செய்ய விடுங்க. ஏ.டி.எம்.ல அவனையே பணம் எடுக்கச் சொல்லுங்க. பஸ்ல தனியா அனுப்பி திரும்பி வரச் சொல்லுங்க. கணக்கை விட இது முக்கியம்னு சொல்லல, அதுவும் வேணும்தான், ஆனா இதை யாரும் சொல்லித்தர மாட்டாங்க.

இன்னொரு விசயம். வேலைல சேந்தப்ப பி.எஃப். ஃபாரத்துல நாமினி பேரு எழுதச் சொன்னாங்க. நான் அந்தக் கட்டத்தை பாத்துட்டே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அக்கவுன்ட்ஸ் அக்காதான் வந்து, குடும்பம் இல்லாதவங்க யார் பேரை வேணா போடலாம் தம்பி, கல்யாணம் ஆனா அது செல்லாது அப்ப மாத்தி எழுதணும்னு சொன்னாங்க. ஹோம்ல என் பக்கத்து பாய்ல படுத்தவன் பேரை எழுதினேன். அவன் பேரு அதுல ஏழு வருஷம் இருந்துச்சு, இப்பத்தான் என் சம்சாரம் பேரை மாத்தி போட்டேன். அப்பா வீட்டுக்கு அனுப்பறதை பத்தி: தம்பிகிட்ட தனியா கேளுங்க, ஹோம் ஆபீஸ் ரூம்ல வெச்சு கேக்காதீங்க. அங்க கேட்டா சரிங்கன்னுதான் சொல்லுவான், நாங்க எல்லாம் எதுக்கும் சரிங்கன்னுதான் சொல்லிப் பழகினவங்க.


தனிவழி - ஜூன் 10

தப்பா நினைக்காதீங்க, ஆனா 18 வயசு ஆன பையனுக்கு இவ்வளவு தாங்கணுமா? எங்க அப்பா 14 வயசுல சென்னைக்கு வந்து மளிகைக் கடைல வேலை பாத்து மேல வந்தவரு. ஆம்பளைப் பையன் தானா நீந்திப் பழகட்டும், ரொம்ப கை பிடிச்சா உருப்பட மாட்டான்.


லேத்துப்பட்டறை - ஜூன் 10

தனிவழி அண்ணா, உங்க அப்பா ஊருக்கு ஒரு லெட்டர் போட்டிருப்பாரு இல்லைங்களா? தீபாவளிக்கு ஊருக்குப் போயிருப்பாரு. கடைல சண்டை வந்தா ஊர்க்காரங்க யாராவது ஒருத்தர் வந்து நின்னிருப்பாங்க. எனக்கு 2013ல டெங்கு வந்து ஆஸ்பத்திரில படுத்தப்ப நர்சம்மா கேட்ட முதல் கேள்வி கூட யாரு வந்திருக்காங்கன்னு. யாரும் இல்லைங்கன்னேன். பாட்டில் தண்ணி வாங்கிட்டு வரக்கூட பக்கத்து பெட் காரரோட சம்சாரத்தைத்தான் கேட்டேன். நீந்தத்தான் செய்யறோம், கரை எங்கன்னு யாராவது கைகாட்டினா போதும்.


பழைய ஃபைல் - ஜூன் 10

டீச்சர், நான் ஒரு மாவட்டத்துல குழந்தைகள் பாதுகாப்பு அலகுல ஆறு வருஷம் வேலை பாத்தேன், இப்ப அந்த வேலைல இல்ல. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஃபாஸ்டர் கேர். அது 18 வயசு வரைக்கும்தான். 2024ல வந்த புது வழிகாட்டுதல்ல தனி ஆளு கூட, 35ல இருந்து 60 வயசுக்குள்ள இருந்தா எடுக்கலாம்னு மாத்தினாங்க, ஆனா உங்களுக்கு 63, பையனுக்கு இன்னும் ரெண்டு மாசம். அந்தப் பேச்சை விட்டுடுங்க. 18 முடிஞ்சா அவன் மேஜர், உங்க வீட்டுல தங்கறதுக்கு அவன் சம்மதமும் உங்க சம்மதமும் போதும், எந்த ஆபீஸ்லயும் அனுமதி வாங்க வேண்டியதில்ல.

நீங்க கேக்க வேண்டியது ஆஃப்டர் கேர். அரசு பாஷைல பிற்காப்பு. இளைஞர் நீதிச் சட்டம் 2015ல 46வது பிரிவு, 2016 மாதிரி விதிகள்ல 25வது விதி. இல்லத்துல இருந்து 18 முடிஞ்சு வெளிய போற பிள்ளைக்கு 21 வயசு வரைக்கும் உதவி செய்யலாம், விசேஷ காரணம் இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கலாம், அதாவது 23 வரை. ஆறுல இருந்து எட்டு பேர் சேந்து தங்கற குரூப் வீடும் அதுல உண்டு, எல்லா மாவட்டத்துலயும் எதிர்பார்க்காதீங்க. பணம், குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4000 ரூபா, அவன் பேர்ல இருக்கிற பேங்க் அக்கவுன்ட்டுக்கே வரும்.

இங்கதான் முக்கியமான விஷயம். சட்டத்துல இருக்கிற வார்த்தை "வழங்கலாம்". "வழங்க வேண்டும்" இல்ல. அதனால யாரும் கேக்காட்டி யாரும் தர மாட்டாங்க. நான் வேலை பாத்த காலத்துலயே கண்ணு முன்னாடி பாத்தேன், ஃபைல்ல "தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதினா அந்த ஃபைல் மூடிடும். அந்தப் பையன் நாலாவது நாளே அப்பா வீட்டுல இருந்து கிளம்பி பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தாலும் நம்ம கணக்குல அவன் குடும்பத்தோட சேந்துட்டான். அப்படி மூடின ஃபைல் ஒண்ணு ரெண்டுல என் கையெழுத்தும் இருக்கு, இன்னைக்கும் நினைச்சா மனசு உறுத்துது. அதனாலதான் சொல்றேன், அந்த வரி எழுதறதுக்கு முன்னாடி நீங்க போகணும்.

யார்கிட்ட போகணும்? இல்லத்துப் பிள்ளைங்க விஷயத்துல முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழு, தலைவர் ஒருத்தர் உறுப்பினர் நாலு பேர். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலயே இருக்கும். பையன் கைப்பட ஒரு மனு எழுதட்டும்: எனக்கு இன்ன தேதி 18 முடியுது, மேல படிக்க விரும்பறேன், அப்பா வீட்டுக்குப் போக விருப்பம் இல்ல, காரணம் இது, எனக்கு பிற்காப்பு உதவி வேணும். இல்லத்துல அவனுக்குன்னு தனிநபர் பராமரிப்புத் திட்டம்னு ஒரு படிவம் இருக்கும், வெளிய போனா என்ன ஏற்பாடுன்னு அதுல எழுதியிருக்கணும், அதைக் காட்டச் சொல்லுங்க. மனுவோட காப்பில சீல் போட்டு வாங்கிக்கோங்க. இது எல்லாம் ஆகஸ்ட் 17க்கு முன்னாடி. அதுக்கப்புறமும் கேக்கலாம்தான், ஆனா அலைச்சல் பத்து மடங்கு.

பேப்பர்ஸ். ஆதார்ல எந்த போன் நம்பர் லிங்க் ஆயிருக்குன்னு பாருங்க. நிறைய இல்லத்துல எல்லா பசங்க ஆதாருக்கும் சூப்பிரண்டு நம்பர்தான் குடுத்திருப்பாங்க, பையன் வெளிய போனப்புறம் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும், அவரு ராத்திரி போன் எடுக்க மாட்டாரு, பையனோட ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் கடைசி தேதில தொங்கும். 15 வயசுல செய்ய வேண்டிய கைரேகை அப்டேட் ஆயிருக்கான்னும் பாருங்க, இல்லாட்டி பேங்க்ல மாட்டும். பேங்க் அக்கவுன்ட் மைனர் அக்கவுன்ட்டா இருந்தா 18 ஆன உடனே போய் புது கையெழுத்து, கே.ஒய்.சி. குடுத்து மாத்தணும். 10வது, 12வது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குழுவோட உத்தரவு நகல், இல்லத்துல இத்தனை வருஷம் இருந்தான்னு லெட்டர் பேட்ல ஒரு சான்று. எல்லாத்தையும் ஒரிஜினலா அவன் கையில வாங்குங்க, பிறகு வந்து வாங்கிக்கோன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

சாதிச் சான்றிதழ்ல ஒண்ணு சொல்லணும், இவனுக்கு இல்ல, படிக்கிற மத்தவங்களுக்கு. பத்து வயசுக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்து, கவனிக்க வேற யாரும் இல்லாம, அரசு நடத்துற அல்லது அங்கீகரிச்ச இல்லத்துல சேந்த பிள்ளைங்க நம்ம தமிழ்நாட்டு பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பட்டியல்லயே இருக்காங்க. எந்த சாதின்னே தெரியாத பிள்ளைக்கும் அப்படி சர்டிபிகேட் வாங்கலாம். தாலுகா ஆபீஸ்லயே சில பேருக்கு இது தெரியாது, பட்டியலை பிரின்ட் எடுத்துட்டுப் போங்க. இந்தப் பையனுக்கு அப்பா இருக்கறதால அது பொருந்தாது, அப்பாவோட சர்டிபிகேட் வெச்சு வாங்கணும், அதுக்கு அப்பா கையெழுத்தோ ஆவணமோ தேவைப்படும், ஹோம் மூலமா இப்பவே கேளுங்க.

அம்மா பேர்ல ஏதாவது இடம், வீடு இருந்துச்சான்னு பையன்கிட்ட விசாரிச்சீங்களா? இந்துக் குடும்பம்னா, உயில் இல்லாம அம்மா இறந்திருந்தா, பிள்ளைங்களுக்கும் கணவருக்கும் சம பங்கு. மைனர் பங்கை கோர்ட் அனுமதி இல்லாம அப்பா வித்திருந்தா, பையன் 18 ஆனதுல இருந்து மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டு ரத்து பண்ணலாம், 21 தாண்டினா முடியாது. இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, போன் 15100. அப்பா மேல கேஸ் போடுன்னு சொல்லல, அவனுக்கு என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியணும்.

காலேஜ் பத்தி கேட்டீங்க. 6ல இருந்து 12 வரை அரசுப் பள்ளின்னா இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதுல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணம் ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். ஆர்ட்ஸ் காலேஜ் போனாலும், அரசுப் பள்ளில படிச்ச பசங்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000. ஐ.டி.ஐ.ன்னா அதோட அரசு ஐ.டி.ஐ. உதவித்தொகை 750 தனியா. நல்ல மார்க்னு சொல்றீங்க, அவனுக்கு என்ன ஆசைன்னு கேட்டு முடிவு பண்ணுங்க. ஹோம் பசங்கன்னாலே ஐ.டி.ஐ.ல தள்ளி விட்டுடறது ஒரு பழக்கமா போச்சு.


வைகை பொண்ணு - ஜூன் 11

அக்கா, நான் மதுரைல லேப் டெக்னீசியனா இருக்கேன், நானும் ஹோம்ல இருந்து வந்தவ. பொண்ணுங்களுக்கு நடக்கிறது வேற மாதிரிங்கறதால எழுதறேன், உங்க இல்லத்துல பொண்ணுங்களும் இருந்தா உதவும்.

எனக்கு 18 ஆகறதுக்கு மூணு மாசம் முன்னாடியே மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. கெட்ட எண்ணம் இல்ல, பொண்ணை எங்க அனுப்பறதுன்னு அவங்களுக்கும் வழி தெரியல, கல்யாணம் பண்ணி விட்டா பாதுகாப்புன்னு நினைச்சாங்க. என் கூட படிச்ச ரெண்டு பேரு அப்படித்தான் போனாங்க, அதுல ஒருத்தி ரெண்டாவது வருஷமே கைக்குழந்தையோட ஹோம் வாசல்ல வந்து நின்னா, உள்ள எடுக்க சட்டம் இல்லன்னுட்டாங்க. நான் நலக் குழு மேடம்கிட்ட நேரா போய் படிக்கணும்னு அழுதேன், அந்த ஒரு மேடம் மட்டும் எழுந்து நின்னு பேசினாங்க, அதனால டிப்ளமோ படிச்சேன். ஆம்பளைப் பசங்களை வேலைக்கு அனுப்பறது, பொம்பளைப் பிள்ளைங்களை கல்யாணத்துக்கு அனுப்பறது, இது ரெண்டுமே அவங்களை கேக்காம நடந்தா ஒண்ணுதான்.

இப்ப நான் சொல்ல வந்தது லீவு. ஹாஸ்டல் சேத்தாச்சு, ஃபீஸ் கட்டியாச்சுன்னு எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க. பொங்கலுக்கு ஹாஸ்டல் பூட்டுவாங்கக்கா. தீபாவளிக்கு பூட்டுவாங்க. மே மாசம் பூரா பூட்டுவாங்க. என் ரூம் பிள்ளைங்க எல்லாம் ஒரு வாரம் முன்னாடியே டிரெயின் டிக்கெட் பத்தி பேசுவாங்க, நீ எந்த ஊருக்குப் போறன்னு கேப்பாங்க. முதல் வருஷம் பொங்கலுக்கு பெரியம்மா வீட்டுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் வரைக்கும் பையை மடில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். கடைசில ஹோம்ல சமையல் பண்ற அக்காவுக்கு போன் பண்ணினேன், அவங்க அழகர்கோயில் ரோட்டுல ஒத்த ரூம் வீடு, வாடி வந்து படுத்துக்கோன்னாங்க. அஞ்சு நாள் அங்கதான். அவங்க பிள்ளைக்கு வாங்கின மாதிரியே எனக்கும் ஒரு கரும்பு வாங்கிட்டு வந்தாங்க.

பையனுக்கு ஹாஸ்டல் கிடைச்சா சந்தோஷம். ஆனா சேக்கிற அன்னைக்கே காலண்டரை எடுத்து வெச்சு எந்த லீவுக்கு எங்க இருப்பான்னு அவன் முன்னாடியே பேசி எழுதி வெச்சிருங்க. பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க. பாத்துக்கலாம்னு சொன்னா நாங்க கேக்க மாட்டோம்.

வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு அரசோட தோழி விடுதி பல ஊர்ல இருக்கு, சாதாரண வாடகை வீட்டை விட எவ்வளவோ மேல். வீட்டு ஓனர் எல்லாம் அப்பா அம்மாவை கூட்டிட்டு வாம்மாங்கறாங்க, நான் அதுக்கே ஏழு வீடு ஏறி இறங்கினேன்.


காவேரிக்கரை டீச்சர் - ஜூன் 12

எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. படிச்சுட்டு எங்க வீட்டுக்காரர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன், அவரு பஸ் ஸ்டாண்டு இடம் வந்ததும் போதும்னு எழுந்து போயிட்டாரு. லேத்துப்பட்டறை தம்பி, நீங்க சொன்ன மாதிரியே மலைக்கோட்டைக்கு கூட்டிட்டுப் போய் படில உக்கார வெச்சு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், அங்க சின்னம்மாவுக்கு ரெண்டு பாப்பா இருக்கு டீச்சர், ஒரு ரூம்தான், நான் போனா அப்பாவுக்கு சங்கடம்னான். அப்பா மேல கோபம்னு ஒரு வார்த்தை சொல்லல. மனுவை அங்கயே நோட்டுல எழுதினான். பி.எஸ்.சி. மேத்ஸ் படிக்கணுமாம், எங்கிட்ட இதுவரைக்கும் சொன்னதே இல்ல.

ஆதார்ல போன் நம்பர் பழைய சூப்பிரண்டு நம்பர், அவரு வேலையை விட்டுப் போயே ரெண்டு வருஷம் ஆச்சு. பழைய ஃபைல் சார், நீங்க சொல்லலைன்னா இதை நான் யோசிச்சே இருக்க மாட்டேன்.


காவேரிக்கரை டீச்சர் - செப்டம்பர் 21

என்ன ஆச்சுன்னு கேட்டு நாலஞ்சு பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க, அதனால எழுதறேன்.

கலெக்டர் ஆபீசுக்கு மொத்தம் ஆறு தடவை போனேன். முதல் தடவை அப்பா இருக்காரே, எதுக்கு ஆஃப்டர் கேர்னு கேட்டாங்க. பையன் எழுதின மனுவைக் காட்டினேன், இவனோட விருப்பம் இல்லாம எப்படிங்க அனுப்புவீங்கன்னு கேட்டேன். குழு முன்னாடி அப்பாவையும் வரச் சொன்னாங்க. அவரு வந்தாரு, தலையை நிமிரவே இல்ல, எனக்கு வசதி இல்லம்மா அவன் படிக்கட்டும்னு மட்டும் சொன்னாரு, சாதிச் சான்றிதழுக்கு தேவையானதை எல்லாம் குடுத்துட்டுப் போனாரு. வெளிய வந்து பையன் கையில ஒரு இருநூறு ரூபா வெச்சாரு. அவன் வாங்கிக்கிட்டான். அம்மா பேர்ல சொத்து எதுவும் கிடையாதாம், அதையும் கேட்டாச்சு.

அரசு காலேஜ்ல பி.எஸ்.சி. மேத்ஸ் சீட் கிடைச்சுது, சமூகநீதி விடுதில இடமும் கிடைச்சுது. பிற்காப்புக்கு குழு பரிந்துரை பண்ணி உத்தரவு போட்டுட்டதா சொல்றாங்க, 4000 இன்னும் அக்கவுன்ட்டுக்கு வரல. ஆதார் நம்பர் மாத்தியாச்சு, ஒரு பழைய போன் எங்க வீட்டுக்காரர் குடுத்தாரு. தட்டைக் கேட்டேன், இல்லத்துல எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க, ஹாஸ்டல்ல அதுலதான் சாப்பிடறானாம்.

ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி, அதை நல்லா கத்துக்கிட்டான். ரசம் இன்னும் புளிப்பு ஜாஸ்தியாதான் வருது. தீபாவளி, பொங்கல், மே மாசம் மூணும் எங்க வீட்டுலன்னு காலண்டர்ல எழுதி வெச்சிருக்கோம், வைகை பொண்ணு சொன்ன மாதிரி அவனே பேனா எடுத்து வட்டம் போட்டான். எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி வீட்டுல இருந்து இன்னும் பேச்சு வருது, அவருதான், நான் பாத்துக்கறேன் விடுங்கறாரு.

ஒரு சந்தேகம். அந்த உத்தரவு காப்பி கேட்டா, ஆபீஸ்ல இருக்கு, தேவைப்படும்போது வந்து பாத்துக்கோங்கன்னு சொல்றாங்க. விடுதில இருந்து அடுத்த வருஷம் புதுப்பிக்க அது வேணும்னு சொல்றாங்க. என்ன பண்றது?


பழைய ஃபைல் - செப்டம்பர் 21

டீச்சர், விட்டுடாதீங்க. பையனே இப்ப மேஜர், அவன் பேர்ல உத்தரவு நகல் கேட்டு ஒரு மனு குடுக்கட்டும், ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, போய்ச் சேந்ததுக்கான ஆதாரத்தை பத்திரமா வெச்சிருங்க. பதினஞ்சு நாள்ல வராட்டி அதே விஷயத்துக்கு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 30 நாள்ல பதில் சொல்லியாகணும். 4000 பத்தியும் அதுலயே எந்த மாசத்துல இருந்து அனுமதி, எப்ப அக்கவுன்ட்டுக்கு வரும்னு கேட்டு எழுதச் சொல்லுங்க. கடிதத்தை அவன் கைப்படவே எழுதட்டும்.


லேத்துப்பட்டறை - செப்டம்பர் 22

டீச்சர், தம்பிக்கு என் நம்பரை தனி மெசேஜ்ல அனுப்பியிருக்கேன். காலேஜ் லீவுல கோயமுத்தூர் பக்கம் வந்தா வரச் சொல்லுங்க, சும்மா வந்து பாத்துட்டுப் போகட்டும். ரசத்துக்கு புளியை கொட்டைப்பாக்கு அளவு எடுத்தா போதும்னு சொல்லிடுங்க.